சின்னிவிரல் அளவு

ஓஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்தில் பதினொரு தமிழ்க் குடும்பங்கள். அதில் யாருடைய இடியப்ப உரல் பிழியாமல் அடம்பிடித்தாலும் நாங்கள் கடைக்குப் போவதில்லை. லிப்டில் ஏறி நிலவறைக்குப் போவோம். அங்கே கடைசல் மெசினுக்கு முன்னால் குலசேகரம் நிற்பார். பகல் முழுக்க ஒரு தொழிற்சாலையில் கப்பல் பம்புகளுக்கு இரும்பு கடைகிற மனுசன், வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, மனுசியிடம் இரண்டு ஏச்சும் வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்கு மறுபடி இரும்பு கடைய இறங்கிவிடுவார். "உமக்கு அலுக்காதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்கை கடையிறது அவைக்கு. இஞ்சை கடையிறது எனக்கு" என்றார்.

அந்தக் கடைசல் மெசின் இரண்டாம் மாடி ஒட்வாருடையது. ஒட்வார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நோர்வேக்காரர். உள்ளங்கையில் வைக்கக்கூடிய நீராவி எஞ்சின்கள் செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. கட்டட நிர்வாகம் நிலவறையில் ஒரு அறையைப் பொழுதுபோக்குக்காரருக்கென்று ஒதுக்கிக் கொடுத்திருந்தது. குலத்துக்கு நோர்வே மொழி அரைகுறை, ஒட்வாருக்குப் பேச்சே அரைகுறை. இருவரும் முதுகு காட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்வார்கள். பிறகு "இன்றைக்கு நன்றி" என்று சொல்லிப் பிரிவார்கள். புருசன் பெண்சாதிகூட இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் கண்டதில்லை.

என் பெயர் சிவநாயகி. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினாறு வருசமாக உருளைக்கிழங்கு உரிக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குலத்தின் வீட்டில் நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த வாய்தான் காரணம்.

இரண்டாயிரத்து மூன்று மாசி மாதம். வெளியே முழங்கால் அளவு பனி. என் உரலின் அச்சுத் தட்டைக் கொண்டு போனபோது, மேசையில் ஒரு பழைய சேலைத் துண்டுக்கு மேலே வளைந்த இரும்புத் துண்டொன்று கிடந்தது. என் கட்டைவிரல் அளவு இருக்கும். மினுங்க மினுங்க அரம் போட்டிருந்தார்.

"உதென்ன குலம், ஆற்றையும் வீட்டுக் கதவுக் கொக்கியோ?"

"இல்லை நாயகியக்கா. குதிரை."

"என்ன?"

"துவக்கின்ரை குதிரை. விசையை இழுக்க வந்து அடிக்கிற சாமான்."

துப்பாக்கி என்றதும் எனக்கு உரல், இடியப்பம், குழைத்து வைத்த மா எல்லாம் மறந்துவிட்டது. "ஐயோ கடவுளே, உமக்கென்ன விசரே?" என்றேன்.

அவர் சிரித்தார். கடைசல் மெசினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். வன்னியில், ஒட்டுசுட்டானில் அவருடைய அண்ணை குகதாசனிடம் ஒரு இடியன் துவக்கு இருந்ததாம். இடியன் என்றால் எங்கள் பக்கத்தில் கொல்லர் கையால் செய்வது. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து போட்டு இடித்துக் கெட்டித்துச் சுடுகிறது. வயலுக்குப் பன்றி வராமல் அண்ணை காவல் இருந்தது அதோடுதான். தாய் தகப்பன் இரண்டு பேரும் நெருப்புக் காய்ச்சலில் ஒரே வருசத்தில் போய்விட, ஏழு வயதுக் குலத்தை வளர்த்தது அண்ணைதான், பிறகு பன்றிக் காவலுக்கும் கூட்டிக்கொண்டு போனதும் அண்ணைதான். எண்பத்தைந்தில் துவக்கு போய்விட்டது.

"ஆர் எடுத்தது?"

"முதல் ஆமி கேட்டான். பிறகு இயக்கப் பெடியள் கேட்டாங்கள். ரண்டு பேருக்கும் குடுக்க ஒண்டுதானே இருந்தது" என்றார்.

அந்தத் துவக்கைத்தான் மனுசன் ஓஸ்லோவில், நினைவிலிருந்து, துண்டு துண்டாகச் செய்துகொண்டிருந்தார்.

"சுடவோ?"

"சீச்சீ. குழாய் பாருங்கோ." மூலையிலிருந்து எடுத்துக் காட்டினார். நீளமாக ஒரு இரும்பு உருளை. இரண்டு முனையும் அடைப்பு, உள்ளே முழு இரும்பு. "ஓட்டையே இல்லை. இதிலை ஊதவும் ஏலாது."

"பின்னை என்னத்துக்குச் செய்யிறீர்?"

அவர் குழாயைச் சுவரில் சாய்த்தார். என் அச்சுத் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மா அடைச்சுக் கிடக்கு. கழுவுறேல்லையோ?" என்று கேட்டார்.

பதில் எனக்குப் பங்குனி மாத முதல் ஞாயிறு கிடைத்தது. அன்று குலத்தின் மனைவி ஜெயகுமாரி என்னை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். புட்டு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. குமாரியின் கை உறைப்புக்குப் பெயர் போனது. சாப்பாட்டுக்கு நடுவில் குலம் எழுந்து கை கழுவிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். சமாதானம் வந்து வன்னிப் பாதை திறந்த பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணை ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் பிடித்து வவுனியாவுக்கு வருவாராம். அங்கே ஒரு தொலைபேசிக் கடையில் காத்திருப்பாராம். ஒரு நாள் முழுக்க அவருக்கு அதிலேயே போய்விடும்.

"முந்தி உவை ரண்டு பேரும் கதைக்கிறதைக் கேட்டா எனக்கு அழுகை வரும் அக்கா" என்றாள் குமாரி, எனக்குக் கறி விட்டுக்கொண்டே. "'சுகமோ?' 'சுகம்.' 'மழையோ?' 'மழை.' பேந்து ரண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருப்பினம். போன் அட்டை முடிஞ்சு போகும். இப்ப பாருங்கோ."

குலம் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டிருந்தார். பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி, மடியில் வைத்திருந்தார்.

"அண்ணை, துவக்குக் கட்டை முதிரை மரமே?"

"எடேய், முதிரையிலை ஆர் கட்டை போட்டது? தோள் செத்துப்போம். விளாத்தியடா."

"விளாத்தியோ! நான் முதிரையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"நீ ஒருநாளும் சுமக்கயில்லையே, பின்னை எப்பிடித் தெரியும்? சுமந்தது நானெல்லோ. உங்கை விளாத்தி இருக்கே?"

"இஞ்சை பேர்ச் எண்டு ஒரு மரம். வெள்ளைப் பட்டை."

"வெள்ளையோ? அது பொம்பிளையள் மாதிரி இருக்குமே." அண்ணை சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். "சரி, போடு. தேயிலைச் சாயத்திலை ஊறவிடு. குதிரை வளைச்சிட்டியே?"

"ஓம். ஆனா சத்தம் சரியில்லை. உங்கடை 'ணக்' எண்டும். இது 'டிக்' எண்டுது."

"குதிரையைத் தள்ளுற வில்லு மெல்லிசாய்ப் போச்சு. கொஞ்சம் தடிப்பாய்ப் போட்டுப் பார்."

இப்படி முக்கால் மணித்தியாலம். இருபது வருசத்துக்கு முதல் தொலைந்துபோன ஒரு சாமானைப் பற்றி இரண்டு கிழவர்கள் புதுமாப்பிள்ளைகள் மாதிரிக் கதைத்தார்கள். அட்டை முடியப்போகிறதென்று தொலைபேசியில் பெண் குரல் சொன்னபோது அண்ணை அவசரமாகக் கேட்டார்: "எடேய், எல்லாம் கேக்கிறாய், குழாயின்ரை வாய் அளவை மட்டும் கேக்கயில்லையே?"

"அது பேந்து" என்றார் குலம்.

குழாய் ஏன் ஓட்டையில்லாமல் கிடக்கிறதென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் ஏன் செய்கிறார் என்பது விளங்கியது. குமாரியின் உறைப்பென்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

குலம் நோர்வேக்கு வந்தது தொண்ணூற்றாறில். அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகத்தோடு உலகத்தில் எங்கேயும் போகலாம், இலங்கையைத் தவிர. அண்ணையைப் பார்க்கவேண்டுமானால் நோர்வே பாஸ்போட் வேண்டும். அதற்கு ஏழு வருசம் இருக்கவேண்டும். ஏழு வருசம் முடிந்த மறுகிழமையே விண்ணப்பம் கொடுத்துவிட்டார். அந்தக் கோடையில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டு ஓஸ்லோத் தமிழர் பாதிப்பேர் ஊருக்குப் பறந்தார்கள். பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள் என்று அள்ளிக்கொண்டு வந்து எல்லார் வீட்டிலும் கொடுத்தார்கள். குலம் ஒடியலை மணந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார், தின்னமாட்டார். அடுத்த கோடை அண்ணையைக் காணவேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அண்ணைக்கு வயது அறுபத்தொன்பது, அந்த இருமல் வேறு.

இதற்குள்தான் சட்டம் வந்தது. கொண்டு வந்தது அவர்களுடைய மகள் மிதுனா.

மிதுனாவுக்கு அப்போது பதினைந்து. பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்விக்கு ஆயுதச் சட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். நோர்வேயில் மான் வேட்டைக்காக வீட்டுக்கு வீடு துவக்கு இருக்கிறது. ஒட்வாரிடமே இரும்பு அலுமாரியில் இரண்டு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் கடதாசி. இரண்டாயிரத்து நான்கு சித்திரையில் அவள் கணனியில் அச்சடித்த தாளோடு வந்து மேசையில் போட்டாள்.

"அப்பா, இது உலோவ்லி. சட்டத்துக்கு மாறு. துவக்கு வைச்சிருக்கிறதுக்கு ஒரு அனுமதி. செய்யிறதுக்கு வேறை அனுமதி. முழுசாய் வேணுமெண்டில்லை, முக்கியமான ஒரு துண்டு செய்தாலும் துவக்குச் செய்த மாதிரித்தான்."

"இது துவக்கில்லை பிள்ளை. ஓட்டை இல்லை."

"அதை நீங்கள் சொல்ல ஏலாது. பொலித்தி சொல்லவேணும்." பொலித்தி என்றால் பொலிஸ். "ஆவணி முடியுமட்டும் ஆம்னெஸ்தி இருக்கு. ஆரெண்டாலும் கொண்டுபோய்க் குடுத்தா தண்டனை இல்லை. பிளீஸ் அப்பா."

குலம் நிலவறைக்குப் போய் ஒட்வாரிடம் கேட்டார். ஒட்வார் வாழ்க்கையிலேயே நீளமாகக் கதைத்தது அன்றைக்குத்தானாம். தனக்கு நிச்சயமாகத் தெரியாது, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதே நல்லது, வேண்டுமானால் தானும் கூட வருகிறேன் என்றாராம். வருகிற திங்கள் இருவரும் அதை ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு பொலிசுக்குப் போய்க் காட்டுவதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை குமாரி என் கதவைத் தட்டினாள். முகம் செத்த வீட்டு முகம்.

"அக்கா, உந்த மனுசன் தானாய்ப் பொலிசுக்குப் போய்த் துவக்குக் காட்டப் போறாராம். எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறீங்களே? பாஸ்போட் விண்ணப்பம் அதே பொலிசிலைதானே கிடக்கு. அவங்கள் இதைக் கண்டா அதைக் கிழிச்செறிய மாட்டாங்களே?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? பதினாறு வருசம் இந்த நாட்டில் இருந்தவள், வரி கட்டுகிறவள், வாக்குப் போடுகிறவள். 'மிதுனா சொல்லுறது சரி, போகட்டும்' என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் பொலிஸ், துவக்கு என்ற இரண்டு சொல்லையும் ஒன்றாகக் கேட்டவுடனே எனக்குள் பதினாறு வருசமும் கழன்று விழுந்தது. கொக்குவிலில் என் சித்தப்பா வீட்டைச் சோதனை போட்ட நாள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"மண்ணுக்குள்ளை தாட்டுவிடு" என்றேன்.

"எங்கை அக்கா?"

"என்ரை தோட்டத்திலை. உருளைக்கிழங்கு வைக்கக் கொத்தித்தானே கிடக்கு."

குமாரிக்கு இது புதுசில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவள் கல்யாண அல்பம், காணி உறுதி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கொக்குவில் கிணற்றடியில் தாட்டுவிட்டுத்தான் ஓடினவள். எங்களில் தாட்டுவைக்காத குடும்பம் எது? வீட்டுக்கு ஆபத்து வந்தால் மண்ணுக்குக் கொடுக்கிறது, ஆபத்து போனால் மண்ணைக் கேட்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வங்கி அதுதான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே வெயில் வந்துவிட்டது. குலம் நித்திரை. நகரசபை தந்த என் தோட்டத் துண்டு கட்டடத்திலிருந்து பத்து நிமிட நடை. பறவைகள் மட்டும் சத்தம் போட்டன. துவக்குக்கு கிரீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேலே பழைய சேலை, அதற்கும் மேலே பாஸ்மதி அரிசிச் சாக்கு. சாக்கின் வாயை நான்தான் சணல் கயிற்றால் கட்டினேன். முழங்கை ஆழத்துக்குக் குழி. மேலே கிழங்கை நட்டோம். திரும்பி வரும்போது எனக்கு நல்ல பசி. ஏதோ பெரிய கெட்டிக்காரி மாதிரி நாலு தோசை சாப்பிட்டேன்.

"எறிஞ்சிட்டன்" என்று குமாரி குலத்திடம் சொன்னாள். "எங்கையெண்டு கேக்காதேங்கோ. உங்களுக்கு அண்ணை வேணுமோ, துவக்கு வேணுமோ?"

குலம் நாலு நாள் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஒட்வார் திங்கட்கிழமை போர்வையோடு வந்து கதவைத் தட்டினாராம். குலம் கையை விரித்துக் காட்டினாராம், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

அடுத்த முதல் ஞாயிறு நான் அங்கே இருந்தேன். என் மனம் கேட்காமல்தான் போயிருந்தேன். குலம் அதே கடித உறையோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார்.

"என்னடா தம்பி, இன்னும் தடிச்ச வில்லுப் போட்டுப் பாத்தியே?"

"ஓம் அண்ணை, போட்டனான்."

"சத்தம்?"

குலம் மடியிலிருந்த உறையைத் திருப்பினார். பிறகு, "இப்ப சரி. 'ணக்' எண்டுது" என்றார்.

"பாத்தியே! நான் சொன்னனானெல்லோ!" அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பக்கத்தில் கடைக்காரரிடமும் எதையோ சொல்லிச் சிரித்தார்.

இல்லாத துவக்கைப் பற்றி அந்த மனுசன் ஐந்து மாதம் கேள்வி கேட்டார். தோள்வார் என்ன தோல், இரும்புப் பூண் எத்தனை, கட்டையில் கத்தியால் கீறின அடையாளம் என்ன? ஒன்றுவிடாமல் கேட்டார், வேலை நல்லாய்ப் போகுதென்று சொன்னார். குமாரி குசினிக்குள் நின்று அழுவாள். எனக்கு அந்தக் கிழங்குப் பாத்தியைத் தோண்டி எடுத்துக் கொடுத்துவிடவேண்டும் போல இருக்கும். 'பாஸ்போட் வரட்டும்' என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

புரட்டாதி கடைசியில் டுக்னாட் வந்தது. நோர்வேக்காரருக்கு டுக்னாட் என்றால் கோயில் திருவிழா மாதிரி. எல்லாரும் சேர்ந்து சம்பளமில்லாமல் வேலை செய்து, சொசேஜ் சுட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். அந்த வருசம் தோட்டத்துக்குப் புதுத் தண்ணீர்க் குழாய் தாட்டார்கள். சனிக்கிழமை எனக்கு வேலை. வரமுடியாதென்று சொல்லிவிட்டேன். குழாய் எந்த வழியால் போகிறதென்று கேட்கவில்லை. நான், ஊரில் யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை விசாரிக்கிற நான், அதைக் கேட்கவில்லை.

வேலையால் வந்தபோது என் கிழங்குப் பாத்தியைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா. பொலிசுக்காரர் ஐந்து பேர். மூன்று சுற்று உறைக்குள் கிரீஸ் பூசிய துவக்கு, புல்லுக்கு மேலே படுத்துக் கிடந்தது. ஆம்னெஸ்தி ஆவணியோடு முடிந்து நாலு கிழமை.

தோட்டம் என் பெயரில். பொலிசில் நடந்ததை நான் சொன்னேன், குமாரி சொன்னாள், குலம் சொன்னார், தனித்தனியாக. குமாரிக்குத் தொலைபேசியில் பேர்கனிலிருந்து மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுப் பிள்ளை. "புதைச்சீங்களா மேடம்?" என்று அவர் கேட்டபோது, ஏதோ பிணத்தைப் புதைத்த மாதிரி மேல் கூசியதாம் அவளுக்கு. நிலவறை அறையிலிருந்த எல்லாவற்றையும் பொலிசு அள்ளிக்கொண்டு போயிற்று. என் முன்னால் ஒரு உருக்குக் குழலை வைத்து, இது என்ன என்று கேட்டாள் என்னை விசாரித்த பொலிசுப் பெண்.

"புட்டுக் குழல்."

"எதற்குப் பயன்படுத்துவது?"

"காலமைச் சாப்பாட்டுக்கு."

அவள் சிரிக்காமல் எழுதினாள். பிறகு பேனையை வைத்துவிட்டுச் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. "இதை நீங்கள் சுவரில் தொங்கவிட்டிருந்தால் நான் ஒரு அலங்காரப் பொருளைப் பார்த்திருப்பேன். கிரீஸ் பூசி மண்ணுக்குள் வைத்திருந்தால் எதைப் பார்க்கிறது?"

கார்த்திகை முடிவில் எங்களைக் கூப்பிட்டார்கள். குலம், குமாரி இருவருக்கும் வாயாக நான் போனேன். மேசையில் துவக்கு, அதற்குப் பின்னால் அதே பொலிசுப் பெண். பரிசோதனைக்காரர் எழுதியிருந்தாராம், குழாய் முழு இரும்பு, சுடமுடியாது, அது ஆயுதம் இல்லை. வழக்கு முடிந்தது, எடுத்துக்கொண்டு போகலாம்.

குமாரி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் உடனே கேட்டேன், பாஸ்போட் விண்ணப்பம்?

வழக்கு இருக்கும்போது விண்ணப்பத்தைப் பார்க்க முடியாதென்று ஒதுக்கி வைத்தார்களாம். இனி மறுபடி வரிசையில் போகும். எவ்வளவு காலம் என்று தன்னால் சொல்லமுடியாது என்றாள். குலத்துக்கு நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த வார்த்தை மட்டும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்: காத்திருங்கள்.

அந்தப் பெண் துவக்கைத் தூக்கிப் பார்த்தாள். குதிரையை மெல்ல விரலால் இழுத்து விட்டாள். 'டிக்' என்றது. "அருமையான வேலை" என்றாள். "ஒன்று கேட்கலாமா? இது வழக்குக்கு இல்லை. இவ்வளவு நுணுக்கமாகச் செய்தவர், சட்டத்துக்குப் பயந்தா துளை போடாமல் விட்டார்?"

நான் குலத்திடம் கேட்டேன். அவர் துவக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சட்டத்துக்கில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா. அளவு தெரியாது. அண்ணையின்ரை சின்னிவிரல், கையிலை கடைசி விரல், சரியாய்ப் போற வாய் அது. மருந்துக் கரி துடைக்கிறது அந்த விரலாலைதான். விரலைச் சுத்தித் துணி, உள்ளை விட்டுத் திருப்புவர். அந்த விரலை நான் போய்ப் பிடிச்சு அளக்கவேணும். எல்லாத்தையும் போனிலை கேட்டிட்டன். அதை மட்டும் நேரிலை கேக்கவெண்டு வைச்சிருக்கிறன்."

நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் துவக்கை மேசையில் வைத்தாள். "அளந்த பிறகும் துளை போட்டுவிடாதீர்கள்" என்றாள், மெதுவாகத்தான்.

சுரங்க ரயிலில் அம்மருட்டுக்கு வரும்போது போர்வையில் சுற்றியது குலத்தின் மடியில் இருந்தது. குமாரி ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். எனக்குப் பொறுக்கமுடியவில்லை.

"குலம், தாட்டுவிடச் சொன்னது குமாரியில்லை. நான்."

"தெரியும் அக்கா."

"எப்பிடி?"

"பொலிசு படம் காட்டினவங்கள். சாக்குக் கட்டின முடிச்சைப் பாத்தனான். குமாரிக்கு அப்பிடி முடிச்சுப் போடத் தெரியாது. கோயிலுக்கு அரிசிச் சாக்குக் கட்டுறது நீங்கள்தானே."

ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் ஏசவில்லை. "நீங்களும் எனக்கெண்டுதானே செய்தனீங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். அந்த நல்ல சொல்தான் என்னை இன்றைக்கும் தின்கிறது.

சுனாமி வந்தது, ஒட்டுசுட்டான் கடலுக்குத் தள்ளி என்பதால் அண்ணை தப்பினார். ஒரு கோடை போயிற்று. இன்னொரு பனி வந்தது. முதல் ஞாயிறுகள் வந்து போயின. அண்ணையின் இருமல் கூடியது, கேள்விகள் குறைந்தன. ஒருநாள் அண்ணையே கேட்டார்: "எப்பதான்ரா வாறாய்?"

"வாறன் அண்ணை. கடதாசி ஒண்டு சுணங்குது."

ஒருநாளும் அவர் ஏன் சுணங்குதென்று சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஆறு ஆடி கடைசியில் பாஸ்போட் வந்தது. சிவப்பு அட்டை. குமாரி அதைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினாள். மிதுனா கணனியில் டிக்கெட் எடுத்தாள், ஆவணி இருபதாம் திகதிக்கு. குலம் தன்னுடைய அளவுகோலை, மயிரிழையையும் அளக்கிற அந்த உருக்குச் சாமானை, ஒரு சொக்சுக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தார். நான் அண்ணைக்கென்று கம்பளி மேற்சட்டை ஒன்று கொடுத்தேன். 'வன்னி வெயிலுக்குக் கம்பளியோ?' என்று எல்லாரும் சிரித்தார்கள். இருமலுக்கு நல்லதென்று நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆவணி பதினொன்றில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். கொழும்பில் இறங்கினாலும் வன்னிக்குள் போகேலாது, போனவனும் திரும்பி வரேலாது என்று ஊரெல்லாம் பேச்சு. குலம் இருபதாம் திகதி காலைவரை பெட்டியை அவிழ்க்கவில்லை.

புரட்டாதி முதல் ஞாயிறு வவுனியாக் கடைக்குப் போன் எடுத்தார். "ஐயா வரயில்லை" என்றார் கடைக்காரர். ஐப்பசியிலும் எடுத்தார். கார்த்திகையிலும் எடுத்தார். கடைக்காரரே, "எடுக்காதேங்கோ ஐயா, வந்தா நான் எடுப்பிக்கிறன்" என்றாராம்.

மார்கழியில் கடிதம் வந்தது. வின்சென்ற் என்று ஒரு பாதிரியார் வன்னியிலிருந்து வெளியே வந்தபோது கொண்டுவந்து கொழும்பில் தபாலில் போட்டிருந்தார். அன்று குமாரி என்னையும் கூப்பிட்டாள். மேசையைச் சுற்றி இருந்தோம். குலத்துக்குக் கண்ணாடி பனித்துப்போகிறதென்று மிதுனாவிடம் கொடுத்தார். மிதுனா தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

'அன்புள்ள தம்பி குலத்துக்கு, அண்ணை குகதாசன் எழுதுவது. நலம். பாதை இப்போதைக்குத் திறக்காது போலிருக்கிறது. நீ கேட்காமல் வைத்திருக்கிற கேள்வி எனக்கு எப்போதோ தெரியும். நானும் நீ வருவாயென்று சொல்லாமல் வைத்திருந்தேன். இனி வைத்திருக்கிறதில் பயனில்லை. மோதிரத்துக்கு அளவு எடுக்கிற மாதிரி நூலில் எடுத்து அனுப்புகிறேன். ஆனால் விரல் முந்தி மாதிரி இல்லை. அதையும் யோசித்துச் செய்.'

உறையின் அடியில் ஒரு வெள்ளை நூல். வட்டமாக முடிச்சுப் போட்டிருந்தது.

குலம் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அளவுகோல் பக்கத்து மேசையில்தான் கிடந்தது. மிதுனா எடுத்துக் கொடுக்கப் போனாள், குமாரி அவளுடைய கையைப் பிடித்துவிட்டாள். குலம் நூலைத் தன் சின்னிவிரலில் போட்டுப் பார்த்தார். முதல் கணுவைத் தாண்டவில்லை. மற்றக் கையில் போட்டுப் பார்த்தார். அதிலும் தாண்டவில்லை.

"முந்தி அண்ணையின்ரை கை என்ரையிலும் பெரிசு அக்கா" என்றார் என்னைப் பார்த்து. "பன்றிக் காவலுக்குப் போகேக்கை அவருக்கு ஒரு கையிலை துவக்கு, மற்றக் கையிலை லாம்பு. எனக்குப் பிடிக்க மிஞ்சினது லாம்புக் கையிலை இந்த விரல்தான். இதைப் பிடிச்சுக்கொண்டுதான் காடு முழுக்க நடந்தனான்."

நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

அவர் எழுந்து போய்ப் பாஸ்போட்டைக் கொண்டுவந்தார். நூலை அதன் நடுப்பக்கத்தில் வட்டம் குலையாமல் வைத்து மூடினார். அதில் எந்தப் பக்கத்திலும் இன்னும் ஒரு முத்திரை விழுந்திருக்கவில்லை.